நீலம் ஏறிய முகங்கள்

அந்த ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் கணவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்பவள் மனைவி. கல்யாணமான புதிதில் ஆள் வைக்க வசதியில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு. மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் அப்படியே தொடர்ந்தது. வருகிறவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள், அவளை அக்கா என்பார்கள். எப்படிப்பட்ட சிடுமூஞ்சியையும் அரை நொடி சிரிக்க வைத்து அந்த அரை நொடியைப் பிடித்துவிடுவார் மாஸ்டர். ஆனால் கலர் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்ப மாட்டார். அவள் ஒரு படத்தை முடித்ததும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார்.

“மஞ்சள் அடிக்குது. இன்னும் கொஞ்சம் நீலம் ஏத்து.”

அவள் ஏற்றுவாள்.

“இன்னும் கொஞ்சம்.”

ஏற்றுவாள். கன்னத்தில் இருந்த செம்மை வடிந்து, வெள்ளைச் சட்டை ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்தது போல ஆகும்வரை ஏற்றுவாள். அப்போதுதான், “ஆங், இப்பதான் வெள்ளை வெள்ளையா இருக்கு” என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. நகம் வளர்கிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தும் தெரியாமல் வந்தது. முதலில் பிரிண்ட் போடும் லேப்காரர் கேட்டார், “என்ன மாஸ்டர், இப்பல்லாம் நீலம் தூக்கலா விடுறீங்க?” என்று. மாஸ்டர் அந்த லேபை மாற்றினார். புது லேபிலும் அதே கேள்வி வந்தது. மானிட்டர் கெட்டுவிட்டது என்று மானிட்டரை மாற்றினார். சுவரின் வெளிர் மஞ்சள் எதிரொளிக்கிறது என்று அறைக்குச் சாம்பல் நிறம் அடிக்க வைத்தார். டியூப்லைட்டை மாற்றினார். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல், படம் எடுக்கும்போதே கையால் நீலப் பக்கம் தள்ளிவைக்கத் தொடங்கினார். படம் அவளிடம் வரும்போதே பாதி குளிர்ந்துதான் வரும். மீதியை அவள் குளிரவைக்க வேண்டும்.

ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

“எனக்கு நீலமாத்தான் தெரியுதுங்க.”

“உனக்கு அப்படித்தான் தெரியும். நாள் பூரா ஸ்கிரீனையே பார்த்துட்டிருந்தா கண்ணு களைச்சுப் போகும். எழுந்து போய் முகம் கழுவிட்டு வா.”

அவள் முகம் கழுவிவிட்டு வருவாள். அப்போதும் நீலமாகத்தான் தெரியும். ஆனால் கண் களைத்துப்போனது பொய்யில்லை. முதுகும் களைத்துப்போயிருந்தது, நாற்காலியில் பஞ்சு போய்ப் பலகைதான் மிச்சம். ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்து நிமிர்ந்தால் அடுத்தது நிற்கும். வாக்குவாதம் பண்ணுகிற நேரத்தில் பத்து படம் முடித்துவிடலாம் என்று தோன்றும். திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை அவர் சொல்கிற இடத்துக்கு இழுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

இப்படியே போனதில் அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது இலையைப் பார்த்து, இது எல்லோருக்கும் இதே பச்சையாகத்தான் தெரிகிறதா என்று யோசிப்பாள். துணிக்கடையில் கறுப்பா கருநீலமா என்று தெரிந்தும், கடைப் பெண்ணைக் கேட்டு உறுதி செய்துகொள்வாள். ஒருநாள் பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, சட்டைப் பொத்தான் போன்ற வண்ண வில்லைகளைக் கொட்டி, ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறமாக வரிசைப்படுத்தச் சொன்னார். அவள் பயந்து பயந்து அடுக்கினாள். டாக்டர் அவற்றைத் திருப்பிப்போட்டு, பின்னால் இருந்த எண்களைப் பார்த்தார்.

“ஒண்ணுகூட மாறலையேம்மா. உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. படிக்கிற கண்ணாடி மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாம். எதுக்காக இந்தச் சந்தேகம் வந்துச்சு?”

அவள் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டுக்காரருக்கு என்ன வயசு?”

“அறுபதை நெருங்கிட்டார்.”

“எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் கூசுதுன்னு சொல்வாரா?”

“அதுக்காகத்தான் பொழுது சாய்ஞ்சா வண்டியே எடுக்கிறதில்லை.”

“வெளிச்சம் பத்தலைன்னு விளக்கை மாத்திக்கிட்டே இருப்பாரா?”

மாற்றிய டியூப்லைட்டை நினைத்து அவள் தலையாட்டினாள்.

“கண்புரையா இருக்கலாம். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மெதுவா பழுத்து மஞ்சளாகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு உலகத்தைப் பார்க்கிற மாதிரி. அவருக்கு அது தெரியவே தெரியாது. கூட்டிட்டு வாங்க, சின்ன ஆபரேஷன்தான்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாள். கணவருக்குக் கண் கெட்டுவிட்டதே என்று அல்ல. அந்த வருத்தம் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. தன் கண் சரியாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அதற்காக அழுதாள். பக்கத்து இருக்கைக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மாஸ்டரிடம் சொன்னதும் எதிர்பார்த்ததுதான் நடந்தது.

“எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா? இந்தக் கண்ணை வச்சுத்தான் உனக்குச் சோறு போட்டேன்.”

“நான் இல்லைன்னு சொல்லலையே.”

“பல்லு வலின்னு பொய் சொல்லிட்டுப் போய், என் கண்ணைப் பத்தி டாக்டர்கிட்ட வத்தி வச்சுட்டு வந்திருக்கே.”

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அவள் இரண்டு காகிதங்களை அவர் முன்னால் வைத்தாள். ஒன்று பிரிண்டருக்குப் போடும் தாள். மற்றொன்று கல்யாணப் பத்திரிகை அடிக்கிற, பாலாடை நிறத்து அட்டையிலிருந்து வெட்டியது.

“இதுல எது வெள்ளை?”

“என்ன விளையாட்டு இது?”

“சொல்லுங்களேன்.”

அவர் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் அங்கேயே நின்றார். உள்ளே வந்து காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, எது வெள்ளை என்று சொல்ல முடியாமல் கேமரா முக்காலியின் திருகைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஆஸ்பத்திரி எப்பத் திறப்பாங்க?” என்று கேட்டார்.

முதலில் ஒரு கண்ணில்தான் செய்தார்கள். மற்றதைக் கொஞ்ச நாள் கழித்துச் செய்யலாம் என்றார் டாக்டர். கட்டைப் பிரித்ததும் மாஸ்டர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்.

“இந்தச் சுவர் என்ன கலர்?”

“வெள்ளைதான்” என்றாள் அவள்.

அவர் ஒரு கண்ணை மூடினார், திறந்தார். மறு கண்ணை மூடினார், திறந்தார்.

“இந்தக் கண்ணுக்கு வெள்ளை. அந்தக் கண்ணுக்கு டீ கொட்டின துணி மாதிரி இருக்கு” என்றார். பிறகு மெல்ல, “இவ்வளவு நாளும் டீக்குள்ள இருந்துதான் பார்த்துட்டிருந்தேனா?” என்று கேட்டார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

கண்ணில் ஊற்றுகிற மருந்து, குனியக் கூடாது என்கிற கட்டுப்பாடு எல்லாம் ஒருவாறு தளர்ந்து, அவர் ஸ்டூடியோவுக்கு வந்த முதல் நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் உள்ளே வரவே இல்லை. தெருவில் நின்று, ஷோகேஸில் மாட்டியிருந்த தன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்ட மணமக்கள், கன்னத்தில் கை வைத்த சிறுமி, பட்டம் வாங்கிய பெண், எல்லோருக்கும் உதடு வெளிறியிருந்தது. பார்த்துப் பார்த்து மாட்டிய படங்கள்.

“ஏன் என்கிட்ட சொல்லலை?” என்றார் உள்ளே வந்து.

“சொன்னேன்.”

“அழுத்திச் சொல்லியிருக்கணும்.”

“அழுத்திச் சொன்னா சண்டைக்கு வர்றியான்னு கேட்பீங்க. முகம் கழுவிட்டு வரச் சொல்வீங்க.”

அவர் ஷோகேஸைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவளும் உதவிக்குப் போகவில்லை. வெற்று ஷோகேஸோடு சில நாட்கள் கடை நடந்தது. கடையை மூடப்போகிறார்களா என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் தையல்கார அம்மா வந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் லாரி ஓட்டியவர். போன வருஷம் இருவரும் வந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சரக்கு இறக்கும் இடத்தில் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்ற சேதி கேட்டு, அக்கா போய்த் துக்கம் விசாரித்துவிட்டும் வந்திருந்தாள். இப்போது அந்தப் படத்தை ஒரு பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள் தையல்காரம்மா.

“மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இதை மாத்தித் தர முடியுமா? அவரோட வேற படமே இல்லை. நிக்க மாட்டார், ஓடிட்டே இருப்பார். இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“என்ன மாத்தணும்மா?”

அவள் தயங்கினாள். “இந்தப் படத்துல, உயிரோட இருக்கும்போதே அவர் போயிட்ட மாதிரி இருக்கார்.”

மாஸ்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். ஆபரேஷன் செய்த கண்ணால் மட்டும் பார்த்தார். பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அதற்குள் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்திருந்தாள். தேடத் தேட அவள் முகம் விழுந்துகொண்டே போனது. கேமராவிலிருந்து வந்த ஒரிஜினல் ஃபைல் இருந்தால் நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். அது இல்லை. இடம் போதவில்லை என்று மாஸ்டரே பழைய ஒரிஜினல்களை அழிக்கச் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது நீலம் ஏற்றி முடித்த படம் மட்டும்தான்.

மஞ்சளைக் கூட்டினாள். முகம் காமாலை வந்ததுபோல் ஆனது. சிவப்பைக் கூட்டினாள். வெயிலில் அடிபட்டதுபோல் ஆனது.

“இப்படியா இருந்தார்?”

“இல்லைக்கா.”

“இப்படி?”

“இதுவும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரியலை. பார்த்தாத் தெரியும், சொல்லத் தெரியலை.” தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போகப் போக, எப்படி இருந்தார்ங்கிறதே குழம்பிடும் போல இருக்கு. விடுங்கக்கா, பரவாயில்லை.”

எழுந்துகூட விட்டாள். அப்போது அக்கா படத்தில் இருந்த சட்டையைக் காட்டிக் கேட்டாள், “இந்தச் சட்டை இப்ப இருக்கா?”

“இருக்கு. நான் தைச்சதுதான். செங்கல் கலர்.”

செங்கல் கலர் என்று அவள் சொன்னது படத்தில் அழுக்கு ஊதாவாக இருந்தது.

“அதை எடுத்துட்டு வர முடியுமா?”

தையல்காரம்மா போய்ச் சட்டையோடு வந்தாள். மாஸ்டர் ஸ்டூடியோ விளக்குகள் ஒன்றையும் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், சாம்பல் சுவருக்கு முன்னால் சட்டையை மாட்டினார். ஒயிட் பேலன்ஸுக்காக ஒரு காகிதத்தை எடுத்தவர் சட்டென்று நின்று, அதை மனைவியிடம் நீட்டினார்.

“இது வெள்ளைதானே?”

“வெள்ளைதான்.”

சட்டையைப் படமெடுத்தார். அக்கா அதைத் திரையில் ஒரு பக்கமும், பழைய படத்தை மறுபக்கமும் வைத்தாள். இந்தச் சட்டையும் அந்தச் சட்டையும் ஒன்று. இரண்டும் ஒரே நிறத்துக்கு வரும்வரை கோடுகளை நகர்த்தினால், சட்டையோடு சேர்ந்து முகமும் தன் இடத்துக்கு வந்தாக வேண்டும். நகர்த்தினாள். சட்டைகள் ஒன்றாயின. முகம் மட்டும் சோகை பிடித்த மாதிரி நின்றது.

“துவைச்சுத் துவைச்சு வெளுத்திருக்கும்க்கா” என்றாள் தையல்காரம்மா. “படம் எடுக்கும்போது புதுசு. அதுக்கப்புறம் இதைப் போட்டுக்கிட்டுத்தான் வண்டியிலே போவார்.”

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு கண்ணும் இரண்டு நிறம் காட்டுவதில் அவருக்குத் தலை வலித்தது. பிறகு தையல்காரம்மாவே சட்டையை இறக்கி, மடியில் போட்டு உள்பக்கமாகத் திருப்பினாள்.

“பக்கத் தையலுக்குள்ள துணி விட்டிருப்பேன். அவர் உடம்பு ஏறும், இறங்கும். அதுக்குள்ள வெயிலே பட்டிருக்காது. கத்திரி இருக்கா?”

“பிரிக்க வேண்டாம்மா. அவர் சட்டை” என்றார் மாஸ்டர்.

“நான் போட்ட தையல்தானே மாஸ்டர். திரும்பப் போட்டுக்குவேன்.”

நூலை ஒரு இழை விட்டு ஒரு இழையாக வெட்டிப் பிரித்தாள். தையலுக்குள் மடிந்து கிடந்த துணியை விரல் நகத்தால் நீவி விரித்தாள். விரலகலத்துக்கு ஒரு பட்டை, இப்போதுதான் கடையில் வெட்டியதுபோலச் செக்கச்செவேல் என்று இருந்தது. மாஸ்டர் அந்தப் பட்டையை மட்டும் நெருங்கிப் படமெடுத்தார்.

அக்கா திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நீலத்தை இறக்கினாள். நிழலில் இருந்த நீலம் தனி, வெளிச்சத்தில் இருந்த நீலம் தனி. இரண்டையும் பிரித்துப் பிரித்து இறக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் சிவப்பு சுத்தமாகச் செத்துப்போயிருந்தது. அங்கெல்லாம் பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்தாள். முதுகு விண்விண் என்று தெறித்தது. மாஸ்டர் பின்னால் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

சட்டை மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வந்தது. அது வந்த பிறகுதான், யாரும் எதிர்பார்க்காத ஒன்று படத்தில் தெரிந்தது. லாரிக்காரர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். நீலத்தில் இரண்டு கையும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. இப்போது ஒரு கை மாநிறமாகவும், ஒரு கை அதைவிட நன்றாகக் கறுத்தும் இருந்தன. எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று அக்கா பதறிப்போய் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“ஐயோ, இல்லைக்கா, தொடாதீங்க!” தையல்காரம்மா எழுந்து திரைக்குக் கிட்டே வந்துவிட்டாள். “அது ஜன்னல் பக்கத்துக் கை! எப்பவும் வெளியே போட்டுக்கிட்டே ஓட்டுவார். ஒரு கை உங்க அம்மா வீட்டுக் கை, ஒரு கை உங்க அப்பா வீட்டுக் கைன்னு கிண்டல் பண்ணுவேன். இதை மறந்தே போயிட்டேனே!” சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகம் சரியாக இருக்கிறதா என்று அதற்குப் பிறகு யாரும் அவளைக் கேட்கவில்லை.

பிரிண்ட் வந்ததும் வாங்கிப் போனாள். சட்டையை அங்கேயே உட்கார்ந்து ஊசி நூல் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டுதான் போனாள்.

மறுநாள் மாஸ்டர் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். கண் கதையைச் சொல்லி, ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறேன் என்றார். பாதிப் பேருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. ஒருவர், ஆல்பம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது என்றார். கல்யாணம் முடிந்து பிரிந்துவிட்ட ஒரு பெண், எரித்துவிட்டேன் என்றாள். இன்னொரு மணப்பெண் பதறிப்போனாள்.

“ஐயய்யோ மாஸ்டர், மாத்திடாதீங்க! அந்த நீலக் கலருக்காகத்தானே உங்ககிட்ட வந்தோம். என் தங்கச்சி கல்யாணத்துக்கும் அதே மாதிரிதான் வேணும்.”

மாஸ்டர் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“என் கண்புரைக்கு ரசிகர்கள் இருக்காங்க.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை மூடினார்.

“என்ன பார்க்கிறீங்க?”

“பழைய கண்ணுக்கு நீ தங்கமா இருக்கே.”

“புதுக் கண்ணுக்கு?”

அவர் இன்னும் உற்றுப் பார்த்தார். “கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு எப்ப வந்தது உனக்கு?”

“ரொம்ப நாளா இருக்கு.”

அவர் எழுந்து வந்து அவள் நாற்காலியைப் பிடித்தார். “எழுந்திரு. கொஞ்சம் போய்ப் படு. மிச்சத்தை நான் பார்க்கிறேன்.”

“உங்களுக்கு எங்கே இதெல்லாம் தெரியும்?”

“தெரியாததைக் கேட்டுக்கிறேன். போ.”

வாடிக்கையாளர்கள் காத்திருக்கப் போட்டிருந்த பெஞ்சில், கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவள் படுத்தாள். ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்றுதான் படுத்தாள். பட்டப்பகலில், தெருச் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் வந்து, “அக்கா” என்று கூப்பிட வாயெடுத்தார். மாஸ்டர் உதட்டில் விரலை வைத்துக்காட்டி, அவரைச் சாம்பல் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.